அம்மா அப்பாவோடு நயாகரா: பாலம் கடக்க வேணுமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறா. அறுபத்தெட்டு வயது அப்பாவும் முழங்கால் வருத்தமுள்ள அம்மாவும் வருகிற ஜூன் மாதம் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள். கூட்டிக்கொண்டு போவது இவதான். மூன்று பேருக்கும் கனடா விசா கிடைத்துவிட்டது. நயாகரா நீர்வீழ்ச்சியை ஒரு நாளில் பார்த்துவர வேண்டும். ‘அமெரிக்கப் பக்கம் நின்று பார்த்தால்தான் வடிவு, நடுவில் பாலம் இருக்கு, நடந்து போய்வரலாம்’ என்று தெரிந்த ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியா, எந்தப் பக்கம் நல்லது என்பதுதான் எழுதியிருக்கிற கேள்வி. எனக்கு அதற்குள் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்கின்றன. வாழ்க்கையில் ஒரு தடவை அவ்வளவு தூரம் போகிற அம்மாவும் அப்பாவும் நல்லதைப் பாராமல் திரும்பிவிடுவார்களோ என்பது ஒன்று. அவர்களை வைத்துக்கொண்டு எல்லையில் ஏதும் சிக்கலில் மாட்டிக்கொள்வோமோ என்பது மற்றது. மூன்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் மட்டக்களப்பு மாவட்டத்துப் பாடசாலைகளில் உயர்தர வகுப்புக்குப் புவியியல் படிப்பித்தவன். மூத்த மகள் ஸ்காபரோவில் குடும்பமாக இருப்பதால் 2014க்குப் பிறகு ஐந்து தடவை நயாகராவுக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவை அமெரிக்க விசாவும் எடுத்து இரண்டு கரையிலும் நின்று பார்த்தேன். தண்ணீர், பாறை, வெயில், காற்று பற்றிச் சொல்வதைப் படிப்பின் பலத்தில் சொல்கிறேன். விசா விடயத்தில் நான் சட்டத்தரணி இல்லை. என் குடும்பத்துக்கும் அயலுக்கும் பத்துப் பதினைந்து விண்ணப்பம் நிரப்பிக்கொடுத்த பழக்கம்தான். ஆகவே எது அசையாத விதி, எது எல்லையில் நிற்கிற அதிகாரியின் கையில் இருக்கிறது என்பதைப் பிரித்துப் பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் அசையாதது. கனடா விசாவை வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குள் போக முடியாது. நயாகரா ஆற்றின் மேலே இருக்கிற ரெயின்போ பாலம் கல்லடிப் பாலத்தைப்போல ஊருக்குள் இருக்கிற பாலம் இல்லை. அதன் ஒரு தலைப்பு கனடா, மறு தலைப்பு அமெரிக்கா, இரண்டு தலைப்பிலும் குடிவரவு அலுவலகம். நடந்து போகலாம் என்று சொன்னவர் பொய் சொல்லவில்லை. கடவுச்சீட்டில் அமெரிக்க விசா இருக்கிறவர்கள் நடந்து போகிறார்கள், பாலத்தின் நடுவில் இரண்டு நாட்டுக்கும் எல்லை காட்டும் பலகைக்குப் பக்கத்தில் படமும் எடுக்கிறார்கள். அமெரிக்கக் குடியுரிமை, கனடியக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தப் பாலம் லேசு. உங்கள் அண்ணன் கனடியக் குடிமகன் என்றால் அவர் போய்வருவார். இலங்கைக் கடவுச்சீட்டோடு போகிற உங்கள் மூன்று பேருக்கும் அது வேறு கதை. கனடாவில் இருக்கிற எங்கள் ஆட்கள் பலர் தங்களுக்கு உள்ள வசதியை வைத்துத்தான் புத்தி சொல்வார்கள். ஊரிலிருந்து போகிறவரின் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பது அந்த நேரத்தில் அவர்களின் நினைவில் இருக்காது.

இந்த இடத்தில் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது யாருக்கும் நடக்கலாம். 2016 ஓகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை. மருமகன் கார் ஓட்டுகிறார், நானும் மனைவியும் பின்சீற்றில், நடுவில் பேத்தி. வாகனம் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தோம். போன் காட்டிய வழியில் ஒரு வளைவில் திரும்பினோம், முன்னுக்கு நின்ற கார்களுக்குப் பின்னால் வரிசையில் சேர்ந்தோம். அது பாலத்துக்குப் போகிற வரிசை. தெரியவந்த நேரம் பாலத்தில் ஏறியாகிவிட்டது, நடுவில் திரும்ப வழியில்லை. எங்கள் கடவுச்சீட்டு இரண்டும் ஸ்காபரோவில், மகளின் அலுமாரிக்குள். அமெரிக்கப் பக்கத்து அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் காரை ஒதுக்கச் சொல்லி, உள்ளே கூப்பிட்டு, விரல் அடையாளம் எடுத்து, ஒரு தாளைக் கையில் தந்து திருப்பி அனுப்ப இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்டப் போய்விட்டது. பிறகு கனடாப் பக்கத்து அதிகாரிக்கு முதலிலிருந்து எல்லாவற்றையும் விளங்கப்படுத்த வேண்டும். மகள் வீட்டிலிருந்து கடவுச்சீட்டைப் படம் பிடித்து அனுப்பினாள், அவர்களும் கணினியில் பார்த்து எங்களை விட்டார்கள். மனைவி அந்த இரண்டு மணித்தியாலமும் ஒரு வார்த்தை பேசவில்லை, பேத்தியின் கையைப் பிடித்தபடியே இருந்தா.

அதனால் உங்களுக்கு மூன்று காரியம் கட்டாயம் சொல்வேன். பாலத்தைக் கடக்கிற எண்ணமே இல்லாவிட்டாலும் மூன்று கடவுச்சீட்டையும் கையில் கொண்டுபோங்கள். கார் ஓட்டுகிற அண்ணனுக்கு, ‘பிறிட்ஜ் ரு யூ.எஸ்.ஏ.’ என்று பெயர்ப்பலகை கண்டால் அந்த வரிசையை விட்டு உடனே வெளியே வரச் சொல்லுங்கள். எந்த வாகனத் தரிப்பிடத்துக்குப் போவது என்பதை வீட்டிலேயே முடிவு செய்து, அந்த இடத்தின் பெயரைப் போனில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். ‘நயாகரா’ என்று மட்டும் போட்டால் அது எங்கேயும் கொண்டுபோகும். தவறிப் பாலத்தில் ஏறிவிட்டால் பயப்படாமல், வழி தவறி வந்துவிட்டோம் என்ற உண்மையை அப்படியே சொல்ல வேண்டும். பின்னொரு நாளில் அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தால், இதற்கு முன் எல்லையில் அனுமதி மறுக்கப்பட்டதா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு ஒளிக்காமல் பதில் எழுத வேண்டும். நானும் அப்படித்தான் எழுதினேன், கொழும்பில் நேர்முகத்தில் கேட்டார்கள், சொன்னேன், விசா தந்தார்கள்.

இனி, அமெரிக்க விசா உள்ளவர்களைப் பற்றி, உங்களுக்கு இல்லாவிட்டாலும் வாசிக்கிற வேறு யாருக்கும் உதவும். ஒரு தடவை மட்டும் நுழையலாம் என்ற கனடா விசாவில் வந்தவர், அங்கிருந்து அமெரிக்காவுக்கு மட்டும் போய், வேறு நாட்டுக்குப் போகாமல், கனடாவில் தங்க அனுமதித்த காலத்துக்குள் நேரே திரும்பினால் புதுக் கனடா விசா தேவையில்லை. இது விதியில் உள்ளது. ஆனால் விதி என்பது வாசல்வரைதான். திரும்பி வரும்போதும் அதிகாரி கேள்வி கேட்பார், உள்ளே விடுவது அவருடைய முடிவு. அமெரிக்கா போய்த் திரும்பினால் இன்னும் ஆறு மாதம் புதிதாகக் கிடைக்கும் என்று ஒரு கதை எங்கள் ஆட்களிடம் உலாவுகிறது. சிலருக்குக் கிடைத்திருக்கிறது, சிலருக்குக் கிடைக்கவில்லை. அதை நம்பி டிக்கெட் திகதியை மாற்றாதீர்கள். இன்னொன்று: விமான டிக்கெட் எடுக்கும்போது நியூயோர்க் போன்ற அமெரிக்க விமான நிலையத்தில் மாறிப் போகிற வழி மலிவாகக் காட்டினால் அதை எடுக்க வேண்டாம். விமான நிலையத்துக்கு வெளியே போகாவிட்டாலும் அங்கே அமெரிக்க விசா கேட்பார்கள்.

சரி, பாலம் கடக்காவிட்டால் நட்டமா? இல்லை மகள். நயாகராவின் முகம் கனடாவைப் பார்த்துத்தான் இருக்கிறது. எங்கள் மட்டக்களப்புக் கோட்டையை நினைத்துப் பாருங்கள். கோட்டைக்குள் நின்றால் பழைய கட்டடமும் பீரங்கியும் தெரியும், கோட்டை தெரியாது. வாவிக்கு இந்தக் கரையில் நின்றால்தான் மதில் முழுதும் தண்ணீருக்கு மேலே எழும்பி நிற்கிறது தெரியும். அமெரிக்கக் கரையிலிருந்து விழுகிற தண்ணீரை அந்தக் கரையில் நிற்கிறவர் பக்கவாட்டில்தான் பார்க்கிறார். அதற்காகத்தான் அவர்கள் ஆற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு கோபுரமேடை கட்டி வைத்திருக்கிறார்கள். கனடாக் கரையில் நிற்கிறவருக்கு எதிரே இரண்டு வீழ்ச்சி, வலது கைப்பக்கம் பெரியது, எல்லாம் ஒரே பார்வையில்.

நயாகரா என்பது ஒன்றல்ல, மூன்று. எதிரே தெரிகிறது அமெரிக்க வீழ்ச்சி, அதை ஒட்டி ஒல்லியாக விழுவது மணப்பெண் முக்காடு என்று பெயர் வைத்த சிறு வீழ்ச்சி, அதற்கு அப்பால் கோட் தீவு, அந்தத் தீவுக்கு மறுபக்கம் வளைந்து கிடக்கிறது குதிரை லாடம். ஆற்றில் வருகிற தண்ணீரில் பத்தில் ஒன்பது பங்கு இந்தக் குதிரை லாடத்தால்தான் விழுகிறது, அதன் பெரும்பகுதி கனடாவுக்குள் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 57 மீற்றர். அப்பாவுக்குச் சொல்லும்போது பாலமீன்மடு வெளிச்சவீட்டை இரண்டாக ஒன்றின் மேல் ஒன்று வைத்த உயரம் என்று சொல்லுங்கள், விளங்கும். உலகத்தில் இதைவிட உயரமான வீழ்ச்சிகள் நிறைய உண்டு, எங்கள் நாட்டு பம்பரகந்தை 263 மீற்றர். நயாகராவின் பெருமை உயரத்தில் இல்லை, தண்ணீரின் கனத்தில்.

அமெரிக்கப் பக்கத்துக்கும் அதற்கென்று ஒரு அருமை உண்டு, அதை மறைக்கக் கூடாது. 1885இல் தொடங்கிய பூங்கா அது, அமெரிக்காவின் மிகப் பழைய மாநிலப் பூங்கா, உள்ளே போகக் காசில்லை, மரமும் நிழலுமாக இருக்கிறது. கோட் தீவில் நடந்தால் தண்ணீர் விழுவதற்கு முன் பாறையில் மோதிப் பாய்ந்து வருவதைக் கைக்கெட்டும் தூரத்தில் காணலாம். காற்றின் குகை என்ற இடத்தில் மணப்பெண் முக்காட்டின் அடிக்கு மரப்படிகளால் ஏறிப் போகிறார்கள், கடைசித் தட்டு விழுகிற தண்ணீருக்கு ஏறத்தாழ ஆறு மீற்றர் பக்கத்தில். மாரியில் பனிக்கட்டி உடைத்துவிடும் என்பதற்காக அந்த மரப்பாதையை வருடா வருடம் கழற்றி, திரும்பக் கட்டுகிறார்கள். எனக்கு அது பிடித்தது. ஆனால் படி எல்லாம் நனைந்து கிடக்கும், முழங்கால் வருத்தக்காரருக்கு அது இடமில்லை. உங்கள் அம்மாவுக்காகப் பார்த்தால் அமெரிக்கப் பக்கத்தின் சிறப்பே அவவுக்கு உதவாத ஒன்று. அதற்காக மட்டும் விசாக் காசும், கொழும்புக்குப் போய்வரும் அலைச்சலும் படுவதில் பலனில்லை. நியூஜேர்சியிலோ வேறெங்கோ பார்க்க வேண்டிய உறவினர் இருந்தால் அது வேறு.

எந்தப் பக்கம் என்பதைவிட எந்த நேரம் என்பதுதான் பெரிய காரியம், இதைப் போய்வந்தவர்களே பலர் கவனிப்பதில்லை. நயாகராவில் விழுகிற தண்ணீர் இயற்கை விடுகிறபடி விழுவதில்லை. எங்கள் பக்கம் கல்லோயாத் தண்ணீரை வாய்க்காலுக்கு எப்போது, எவ்வளவு திறப்பது என்று கூட்டம் வைத்துத் தீர்மானிக்கிறார்களே, அதுபோல அங்கேயும் 1950இல் இரண்டு நாடும் ஒரு ஒப்பந்தம் எழுதின. வீழ்ச்சிக்கு மேலேயே தண்ணீரைத் திருப்பிச் சுரங்கத்தால் கொண்டுபோய் மின்சாரம் எடுக்கிறார்கள், கனடாவில் சேர் அடம் பெக் நிலையம், அமெரிக்காவில் றொபேட் மோசஸ் நிலையம். பார்க்க வருகிறவர்களுக்காக இவ்வளவு தண்ணீரை விழ விட்டே ஆக வேண்டும் என்பது ஒப்பந்தம். ஏப்ரல் 1 முதல் செப்ரெம்பர் 15 வரை காலை 8 மணியிலிருந்து இரவு 10 மணிவரையும், செப்ரெம்பர் 16 முதல் ஒக்ரோபர் 31 வரை காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணிவரையும், செக்கனுக்கு 2,832 கனமீற்றருக்குக் குறையக் கூடாது. மற்ற நேரமும், நவம்பர் தொடங்கி மார்ச் முடிய முழு நாளும், அதில் பாதி இருந்தால் போதும். நீங்கள் போவது ஜூன், காலை எட்டிலிருந்து இரவு பத்துக்குள் எப்போது போனாலும் முழு வீழ்ச்சி.

2,832 கனமீற்றர் என்றால் எவ்வளவு? எங்கள் ஊர்களில் வரட்சிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற பத்தாயிரம் லீற்றர் பவுசர் 283, ஒரே செக்கனில். இன்னொரு கணக்கையும் வகுப்பில் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவேன். இங்கினியாகலையில் கட்டி மறித்த சேனாநாயக்க சமுத்திரம் முட்ட நிறைந்தால் ஏறத்தாழ 95 கோடிக் கனமீற்றர். வாவி போலக் கண்ணுக்கெட்டாமல் கிடக்கிற அந்தக் குளம் வெறுமையாக இருக்கிறது, நயாகராவை அதற்குள் திருப்பிவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாளுக்குள் வான் பாயும். அம்பாறைப் பிள்ளைகள் அந்தக் குளத்தைக் கண்டவர்கள், அதனால் அவர்கள்தான் முதலில் வாயைப் பிளப்பார்கள்.

நாளைத் திட்டமிடுவோம். ஸ்காபரோவிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீற்றர், தெரு வெறுமையாக இருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம், நெரிசலில் மூன்றும் ஆகும். அண்ணனுக்கு வேலைநாளில் லீவு எடுக்க முடியுமென்றால் செவ்வாயோ புதனோ போங்கள். சனி ஞாயிறு என்றால் கூட்டம் ஒன்று, தரிப்பிடம் தேடுகிற தவிப்பு இரண்டு. ஜூலை 1 கனடா நாள், ஜூலை 4 அமெரிக்காவின் சுதந்திர நாள், அந்தக் கிழமையை ஒட்டிப் போகவே வேண்டாம். காலை ஏழு மணிக்கு முன் வெளிக்கிட்டால் நல்லது. கார் இல்லாதவர்களுக்கு ரொறன்ரோ யூனியன் நிலையத்திலிருந்து கோ ரயில் போகிறது, ஆனால் அங்கே இறங்குகிற நிலையம் வீழ்ச்சியிலிருந்து சில கிலோமீற்றர் தள்ளி, பிறகு பஸ் எடுக்க வேண்டும். வயதான இரண்டு பேரோடு கார்தான் சரி. காலையில் போனதும் டேபிள் றொக் என்ற இடத்தில் அம்மாவையும் அப்பாவையும் இறக்கிவிட்டு அண்ணன் போய்க் காரை நிறுத்தட்டும். குதிரை லாடத்தின் விளிம்போடு ஒட்டிய இடம் அது, படி ஏற வேண்டியதில்லை, கட்டடத்துக்குள் கழிப்பறையும் சாப்பாட்டுக்கடையும் உண்டு.

அந்த வேலிக்கம்பியில் கை வைத்து நிற்கிற இடத்தைத்தான் நான் உங்கள் அம்மாவுக்காக நினைக்கிறேன். தண்ணீர் அங்கே காலுக்குச் சில மீற்றர் தள்ளி விளிம்பைத் தாண்டுகிறது. விழும்வரை அது வெள்ளை இல்லை, பச்சை. போத்தல் கண்ணாடியின் பச்சை. வளைகிற இடத்தில் ஒரு கணம் அசையாமல் நிற்பதுபோல இருக்கும், பிறகுதான் நார் நாராகக் கிழிந்து வெள்ளையாகும். கரைந்த உப்புகளும் அரைபட்ட பாறைத்தூளும்தான் அந்த நிறத்துக்குக் காரணம். கீழே எங்கே விழுகிறது என்று தெரியாது, புகைதான் மேலே எழும்பி வரும். முதல் தடவை என் மனைவி சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு அந்தக் கம்பியைப் பிடித்தபடி நாற்பது நிமிடம் நின்றா. மூக்குக்கண்ணாடியில் தூறல் படிந்து ஒன்றும் தெரியாமல் போனது, கழற்றித் துடைத்துத் துடைத்துப் பார்த்தா. மருமகன் அடுத்த இடத்துக்குப் போகலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டார். நான் அவரைக் கண்ணால் மறித்தேன். ஒரு நாளில் ஏழெட்டு இடம் காட்டிவிட வேண்டும் என்று பிள்ளைகள் ஆசையோடு ஓடுவார்கள். தாய் தகப்பனுக்கு வேண்டியது அந்தக் கம்பியில் ஒரு மணித்தியாலம்.

அதற்குப் பிறகு காசு கொடுத்துச் செய்வதில் ஒன்று மட்டும் என்றால் படகு. கனடாப் பக்கத்தில் படகுத்துறைக்கு லிப்ட் இருக்கிறது, ஏறத்தாழ இருபது நிமிடப் பயணம், அமெரிக்க வீழ்ச்சியைக் கடந்து குதிரை லாடத்தின் மடிக்குள் போய் நின்று திரும்பும். சிவப்பு நிறத்தில் மெல்லிய மழையங்கி தருவார்கள். அமெரிக்கப் பக்கத்துப் படகில் நீலம், அதனால் கரையில் நின்றே எது எந்த நாட்டுப் படகு என்று சொல்லலாம். இரண்டு படகும் போகிற தண்ணீர் ஒன்றுதான், பார்க்கிற காட்சியும் ஒன்றுதான். அம்மாவைக் கீழ்த்தட்டில் கம்பி பிடிக்கிற இடத்தில் நிறுத்துங்கள், நீங்கள் அவவுக்குப் பின்னால் நில்லுங்கள். மேல்தட்டில் படி ஏற வேண்டும். வீழ்ச்சிக்குப் பின்னால் போகிற பயணம் என்று இன்னொன்று டேபிள் றொக்கில் உண்டு. லிப்டில் ஏறத்தாழ 38 மீற்றர் இறங்கி, பாறையைக் குடைந்த சுரங்கப்பாதையால் நடந்தால் விழுகிற தண்ணீரின் முதுகைக் காட்டும் ஓட்டைகள். பெயர் பெரிது, ஓட்டையில் தெரிவது ஒரு வெள்ளைத் திரை. ஆனால் அதை ஒட்டிய வெளி மேடையில் நின்றால் சத்தம் நெஞ்சுக்குள் அடிக்கும். அப்பாவுக்கு நடக்க முடிந்தால் பார்க்கலாம், முடியாவிட்டால் குறையில்லை.

இனி உறுதி சொல்ல முடியாதவை. வானவில் அதில் முதலாவது. அதற்குச் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கனடாக் கரையில் நின்று கிழக்கே பார்ப்பதால் பின்னேரம்தான் அந்த வாய்ப்பு; காலையில் அமெரிக்கக் கரைக்காரருக்கு. படமும் பின்னேரம்தான் கனடாப் பக்கம் நன்றாக வரும், காலையில் வெயில் முகத்துக்கு நேரே. இது விஞ்ஞானம், மாறாது. ஆனால் அன்று வெயில் எறிக்குமா, காற்று புகாரை எந்தப் பக்கம் தள்ளும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2018இல் நான் போன நாள் முழுதும் காற்று எங்கள் பக்கம் திரும்பி, டேபிள் றொக்கில் நின்றவர்களுக்குச் சோனாவாரி மழைதான், வீழ்ச்சி தெரியவே இல்லை. இருநூறு முந்நூறு மீற்றர் வடக்கே நடந்து போனால் தெளிந்தது. அப்படி நடந்தால் மனம் விடாமல் நடந்து பாருங்கள்.

ஒரு சிறு பாடமும் சொல்ல ஆசை, அப்பாவுக்குக் கதை சொல்ல உதவும். நீர்வீழ்ச்சியே இல்லாத சமதரையில் பிறந்த பிள்ளைகளுக்கு நயாகரா எப்படிப் பின்னால் நகர்கிறது என்று விளங்கப்படுத்த நான் கிணற்றடிக்குக் கூட்டிப்போவேன். சீமெந்துக் கட்டின் ஓரத்தால் குளிக்கிற தண்ணீர் வழிந்து வழிந்து கீழே மணலை அரிக்கும். கட்டு அந்தரத்தில் நிற்கும், ஒரு நாள் விளிம்பு உடைந்து விழும். நயாகராவில் மேலே கடினமான டொலமைற் பாறை, கீழே மெத்தென்ற களிப்பாறை, அதே காரியம். பன்னிரண்டாயிரம் வருடத்துக்கு முன் பனிக்கட்டி உருகி ஆறு பிறந்தபோது வீழ்ச்சி இன்றைய இடத்துக்கு 11 கிலோமீற்றர் கீழே, குயின்ஸ்ரன் பக்கம் இருந்தது. முன்பு வருடத்துக்கு ஒரு மீற்றர்போலப் பின்வாங்கியது, மின்சாரத்துக்குத் தண்ணீரைத் திருப்பிய பிறகு மிகவும் குறைந்துவிட்டது. 1969இல் அமெரிக்க வீழ்ச்சிக்கு வருகிற தண்ணீரை அணை போட்டு மறித்து, சில மாதம் வெறும் பாறையாக வைத்து ஆராய்ந்தார்கள். அடியில் குவிந்து கிடக்கிற கல்லை அகற்றலாமா என்பது கேள்வி. அப்படியே விடுவது என்று முடிவெடுத்தார்கள். எதிர்க்கரையில் அந்தக் கற்குவியல் இப்போதும் தெரியும், அப்பாவுக்குக் காட்டுங்கள்.

இரவு வெளிச்சத்தைப் பார்க்காமல் திரும்ப வேண்டாம். ஜூனில் அங்கே பொழுது படவே ஒன்பது மணிக்குக் கிட்டும், பட்ட பிறகுதான் வீழ்ச்சியின் மேல் நிற விளக்கு அடிப்பார்கள். பத்து மணிக்குப் பிறகு தண்ணீரைக் குறைக்கலாம் என்று ஒப்பந்தம் சொல்கிறதல்லவா? ஆகவே ஒன்பதிலிருந்து பத்துவரை உள்ள அந்த ஒரு மணித்தியாலம்தான் வெளிச்சமும் முழுத் தண்ணீரும் சேர்ந்த நேரம். ஒரே நாளில் போய்வருவதென்றால் மத்தியானம் அம்மாவும் அப்பாவும் சாய்ந்து படுக்க இடம் வேண்டும். குயின் விக்ரோரியா பூங்காவில் புல்வெளி இருக்கிறது, பாயைக் கொண்டுபோங்கள், புளிச்சோறும் கட்டிக்கொண்டு போங்கள். இல்லையென்றால் மத்தியானத்துக்குப் பிறகு வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, பின்னேர வெயிலையும் இரவையும் மட்டும் பார்த்துவருவதும் நல்ல வழி. காசு அனுமதித்தால் ஒரு இரவு தங்குங்கள். வீழ்ச்சி தெரிகிற அறைக்குத்தான் விலை, இரண்டு தெரு உள்ளே போனால் வெகுவாகக் குறையும். ஒன்ராறியோவில் டிக்கெட்டிலும் அறையிலும் எழுதியிருக்கிற விலைக்கு மேல் வரி 13 வீதம் சேரும் என்பதை மனதில் வைத்துக் கணக்குப் பாருங்கள். கிளிப்ரன் ஹில் என்ற தெருவில் பிள்ளைகளுக்கான விளையாட்டுகளும் விநோத மண்டபங்களும், அதில் உங்கள் பெற்றோருக்கு ஒன்றுமில்லை.

அதைவிட, போகிற வழியில் சென் கதரின்ஸ் என்ற ஊரில் வெலண்ட் கால்வாயின் மூன்றாவது மடையில் அரை மணித்தியாலம் நில்லுங்கள், பார்க்கக் காசில்லை. கப்பல் நயாகரா வீழ்ச்சியில் ஏற முடியாதே, அதனால் அதைச் சுற்றிக் கால்வாய் வெட்டி, எட்டு மடைகளால் தண்ணீரை நிரப்பி நிரப்பி, ஒன்ராறியோ ஏரியிலிருந்து ஈரி ஏரிக்கு ஏறத்தாழ 100 மீற்றர் உயரம் கப்பலைத் தூக்குகிறார்கள். கப்பல் வருகிற நேரமாக அமைய வேண்டும், அது அதிர்ஷ்டம். ஒரு தடவை எனக்கு வாய்த்தது. வாய்க்காலும் மதகும் கண்டு வளர்ந்த என் போன்ற விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு, ஒரு தெருவளவு நீளமான கப்பல் கண் முன்னே சத்தமில்லாமல் உயர்ந்துவருவது நயாகராவுக்குக் குறைந்த காட்சியில்லை.

பயணத்துக்கு முன் இரண்டு பேருக்கும் மருத்துவக் காப்புறுதி எடுங்கள். ஒன்ராறியோ அரசின் இலவச வைத்தியம் பார்க்க வருகிறவர்களுக்கு இல்லை. ஏற்கனவே உள்ள சீனி, பிறசர் போன்ற வருத்தங்களை அந்தக் காப்புறுதி ஏற்குமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்ச்சொல் போதாது. மருந்துகளைப் பெட்டியில் போடாமல் கைப்பைக்குள், மருந்துச்சீட்டோடு. நயாகராவுக்குப் போகிற அன்று ஜூன் வெயிலை நம்பி மெல்லிய சட்டையோடு போக வேண்டாம், படகில் நனைந்து காற்றடித்தால் எங்கள் உடம்புக்குக் குளிர்தான். அம்மா சேலையோ சல்வாரோ எது உடுத்தாலும் மழையங்கி மேலே போடலாம், ஆனால் கால் நனையும், செருப்பு வழுக்கும். பிடிப்புள்ள சப்பாத்து, மூக்குக்கண்ணாடி துடைக்க ஒரு பருத்தித்துணி, போனுக்கு ஒரு பொலித்தீன் பை, இரண்டு பேருக்கும் காரில் உலர்ந்த காலுறை ஒவ்வொரு சோடி. மூன்று கடவுச்சீட்டையும் வீட்டை விட்டு வெளிக்கிடும்போது நீங்களே எண்ணிப் பாருங்கள்.